ஸ்டேடியம் நிறைந்தது என்றால் எத்தனை பேர்? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

பாலக்காட்டுக் கணவாய்:
கொச்சி கலூர் ஸ்டேடியத்தில் பத்து மாத இடைவெளியில் இரண்டு ஆட்டம் பார்த்தேன். இரண்டும் ஒரே இடத்தில் நடந்தவை என்று இன்றைக்கும் நம்ப முடியவில்லை.

முதலாவது 2016 டிசம்பர் 18, ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்து இறுதிப் போட்டி. கேரளா பிளாஸ்டர்ஸும் கொல்கத்தாவும். கோவையில் காலை ரயில் பிடித்து, மத்தியானமே போய்ச் சேர்ந்துவிட்டோம். ரோடு முழுக்க மஞ்சள் சட்டை. உள்ளே நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்தவன், நடுவில் டீ குடிக்க எழுந்து போனேன். அது என் புத்தி. திரும்பி வந்தால் என் நாற்காலியில் ஒரு குடும்பமே இருந்தது. சண்டை போட மனசு வரவில்லை. படிக்கட்டில் அரைப்படி கிடைத்தது. பக்கத்திலிருந்தவர் கொடி ஆட்ட வேண்டும் என்று தன் நாலு வயதுப் பையனைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டார். கேட்கவே இல்லை! முகமது ரஃபி தலையால் முட்டி கோல் போட்டபோது கான்கிரீட் அதிர்ந்தது உள்ளங்காலில் தெரிந்தது. அன்றைய கணக்கு 54,146 பேர்.

இரண்டாவது 2017 அக்டோபர் 7. பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை, பிரேசில் – ஸ்பெயின். ஆலுவாவில் இறங்கி மெட்ரோவில் போனேன்; ஸ்டேடியம் வரைக்கும் மெட்ரோ ஓடத் தொடங்கி நாலு நாள்தான் ஆகியிருந்தது. இந்த முறை பாதுகாப்புக்காக 29,000 பேருக்கு மேல் கூடாது என்று வரம்பு. அந்த ஸ்டேடியத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கேலரிக்கு அடியிலேயே வரிசையாகக் கடைகள். போட்டிக்காக அதையெல்லாம் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். வந்தவர்கள் 21,362 பேர். பக்கத்து நாற்காலி காலி, பையை அதில் வைத்தேன். பிரேசில் 2-1 என்று ஜெயித்தது. கால் நீட்டி சுகமாகப் பார்த்தேன், ஆனால் கல்யாணம் முடிந்த மறுநாள் மண்டபத்தில் உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது.

அவசரம் என்றால் இறங்கி ஓட வேண்டிய படிக்கட்டில்தான் முந்தின வருஷம் நான் உட்கார்ந்திருந்தேன். அது உறைத்தது ரயிலில் திரும்பும்போதுதான்.

லேக் மார்க்கெட் மாமா:
54,000-க்கே இப்படியா! 1997 ஜூலை 13, கொல்கத்தா சால்ட் லேக் ஸ்டேடியம், ஃபெடரேஷன் கப் அரையிறுதி. கொல்கத்தாவின் பரம எதிரி கால்பந்து கிளப்புகளான ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும். 1,31,781 பேர். அந்தக் கூட்டத்தில் நானும் ஒரு தலை.

அப்போது அங்கே வெறும் சிமெண்ட் படிதான். செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தோம். என் முழங்கால் முன்னாலிருப்பவர் முதுகில், பின்னாலிருப்பவர் முழங்கால் என் முதுகில். அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், எதை என்று கேட்காதீர்கள். ஈஸ்ட் பெங்காலின் பூட்டியா மூன்று கோல், ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று ஜெயித்தது. நான் குடியிருந்த வீட்டுக்காரர் பரம ஈஸ்ட் பெங்கால். ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் அவர்கள் வீட்டில் இலிஷ் மீன்தான் விருந்து; அடுத்த நாள் எங்களுக்கும் வந்தது. நாங்கள் சைவம் என்பது அவருக்குச் சந்தோஷத்தில் மறந்துவிட்டது.

ஆனால் அவர் ஆட்டத்துக்கு வரவில்லை. 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டனில் இதே இரண்டு அணிகள் மோதியபோது நெரிசலில் 16 பேர் செத்தார்கள். அதற்கப்புறம் அவருக்கு ரேடியோதான்.

இப்போது சால்ட் லேக்கில் தனித்தனி நாற்காலி போட்டு இடத்தைக் குறைத்துவிட்டார்கள். மூன்று பேர் ஒண்டிக்கொண்ட இடத்தில் ஒரு நாற்காலி போட்டால் வேறு எப்படி ஆகும்? நீங்கள் சொன்ன அதே 2017 உலகக் கோப்பையின் இறுதிப் போட்டி இங்கேதான் நடந்தது, 66,684 பேர். முழுக் கூட்டம் என்றார்கள். எனக்குச் சிரிப்புதான் வந்தது.

ரூர் பள்ளத்தாக்கு:
வேலைக்காக டோர்ட்முண்டில் இருக்கிறேன். இங்கே ஒரே ஸ்டேடியத்துக்கு இரண்டு கொள்ளளவு. லீக் ஆட்டம் என்றால் 81,365. ஜெர்மனி அணி ஆடினால் எல்லாருக்கும் இருக்கை போட்டு, ஏறக்குறைய 66,000. வித்தியாசம் பெரும்பாலும் தெற்கு ஸ்டாண்டில்தான். லீக் ஆட்டத்தில் அங்கே சுமார் 25,000 பேர் நின்றுகொண்டேதான் பார்ப்பார்கள், பெயரே மஞ்சள் சுவர். ஒரு தடவை நின்றேன். சாய்ந்துகொள்ள இடுப்பளவில் இரும்புக் கம்பி இருக்கும், அதைப் பிடித்தால் நகரக் கூடாது. கோல் விழுந்ததும் தலையில் பீர் கொட்டியது. என்னுடையது இல்லை.

அது சரி, கணவாய் அண்ணே, மடியில் இருந்த பையன் என்ன ஆனான்?

பாலக்காட்டுக் கணவாய்:
இடைவேளைக்கு அப்புறம் தூங்கிவிட்டான் தம்பி. அந்தச் சத்தத்திலும்! 1-1 என்று இழுத்துக்கொண்டே போய் பெனால்டி வந்தது. கால் மரத்துப்போச்சு, அசைய முடியவில்லை. கொல்கத்தா கடைசிக் கோலைப் போட்டு 4-3 ஆனதும் ஸ்டேடியம் சட்டென்று அடங்கியது. அப்போதுதான் பையன் திடுக்கிட்டு விழித்து அழ ஆரம்பித்தான்.