காட்டில் டிரோன் ஏறி இறங்கும் திறப்புக்கு "வான்புழை"

அன்புடையீர், வணக்கம்.

அடர்காட்டுத் தரையிலிருந்து மரமுடிகளுக்கு மேல்வரை, டிரோன் ஏறி இறங்குவதற்குத் தடையின்றித் திறந்திருக்கும் செங்குத்தான வெளியை "ஏவுதளம்" என்றே சொல்லலாம் என நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். அதை என்னால் ஏற்க இயலவில்லை. தளம் என்றதும் கண் தரையைப் பார்க்கிறது. காட்டிலோ ஆபத்து தலைக்கு மேலே இருக்கிறது. தரை சமமாக இருந்தும், மேலிருந்து தொங்கும் பிரம்புக்கொடியின் மெல்லிய நுனி இறக்கையில் சிக்கினால் கருவி விழுந்துவிடும். அவ்வளவு மெல்லிய கொடியைத் தடையுணரிகள் பல வேளைகளில் காண்பதில்லை. மரநிழலின் மங்கிய ஒளியில் அவற்றின் பார்வை மேலும் குறைகிறது.

திரும்பும்போது சிக்கல் இன்னும் கடுமையானது. ஏவும்போது பதிவாகும் இருப்பிடத்தைத்தான் டிரோன் தன் வீடாகக் கொள்கிறது. தொடர்பு அறுந்தால், முன்பே குறித்த உயரத்துக்கு ஏறி, அந்த இடத்துக்கு நேர்மேலே வந்து, நேர்கீழாக இறங்கும். ஆனால் இலைகள் ஜிபிஎஸ் அலைகளை நலிவடையச் செய்வதாலும், அவ்வலைகள் அடிமரங்களில் பட்டுத் தெறிப்பதாலும், பதிவான இடம் சில மீட்டர் தள்ளிப்போகக்கூடும். வெட்டவெளியில் அது பொருட்டில்லை. பத்து மீட்டர் அகலத் திறப்பில் அது கிளைமேல் இறங்குவதாக முடியும்.

விதானம், அதாவது மரமுடிகள் சேர்ந்து அமையும் கூரை, என்பதை வைத்து "விதான இடைவெளி" என்பதும் போதாது. கெப்போங்கிலுள்ள மலேசிய வன ஆய்வுக் கழகத்தில் கபூர் மரங்களின் முடிகள் ஒன்றையொன்று தொடாமல் விட்டிருக்கும் கோடுகளும் இடைவெளிகளே. அவற்றின் வழியே ஒளி வரும், டிரோன் போகாது. "விதானப் பாதை" என்றால் நம் ஊரில் மரங்களுக்கிடையே கட்டிய தொங்கு நடைபாதை என்றே கொள்வார்கள்.

ஆகவே "வான்புழை" என்னும் சொல்லை முன்மொழிகிறேன். புழை என்பது துளை, குழாய், சிறுவாயில் ஆகிய பொருள்களைத் தரும் பழஞ்சொல். யானையின் துதிக்கையைப் புழைக்கை என்கிறோமே, உள்ளே துளையுள்ள அந்த நீண்ட வடிவம்தான் இங்கே வேண்டியது. "எழுபுழை" என்றும் எண்ணிப் பார்த்தேன். அது ஏற்றத்தை மட்டுமே சொல்கிறது.

உயரத்தையும் இச்சொல்லோடு சேர்த்தே வரையறுக்க வேண்டும். மலேசியாவின் சபா மாநிலத்திலுள்ள டானும் பள்ளத்தாக்கில் அளக்கப்பட்டு 2019-இல் அறிவிக்கப்பட்ட மஞ்சள் மெராந்தி மரம் 100.8 மீட்டர். சிறப்பு அனுமதியின்றி இந்நாட்டில் டிரோன் பறக்கக்கூடிய உயரம் 400 அடி, அதாவது ஏறத்தாழ 120 மீட்டர்தான். திரும்பும் உயரம் ஏவிய இடத்திலிருந்து கணக்கிடப்படுவதால், சரிவின் மேற்புறத்து மரங்கள் அதையும் எட்டிவிடக்கூடும். அகலத்தையும் தரையில் அளக்கலாகாது; வான்புழை எந்த உயரத்தில் மிகக் குறுகுகிறதோ அங்கே உள்ளதே அதன் அகலம்.

மாற்றுச்சொல் தருவோர், "தொடர்பு அறுந்தால் டிரோன் இதே வான்புழை வழியாக இறங்க வேண்டும்" என்ற கையேட்டு வரியில் அதைப் பொருத்திக் காட்டினால் ஒப்பிட உதவியாயிருக்கும்.

அன்புடன்,
கெப்போங், கோலாலம்பூரிலிருந்து