சின்னக் குழந்தைகளின் உடுப்பில் எங்கே விடுவது, எங்கே பிடிப்பது?

கேள்வி (கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு இரண்டு குழந்தைகள். மூத்தவன் ஒன்றாம் வகுப்பில் படிக்கிறான். இளையவளுக்கு அண்மையில்தான் ஒரு வயது நிறைந்தது. எங்கள் ஊரிலும் பொள்ளாச்சியிலும் குழந்தைகளுக்கான ஆயத்த ஆடைகளுக்குக் குறைவில்லை. ஆனால் அவற்றின் உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் அக்குளிலும் கழுத்திலும், துணி ஓரம் பிரியாமல் பின்னிய ஓவர்லாக் நூல் முரட்டு முரட்டாக நிற்கிறது. சித்திரை வெயிலில் மகளுக்கு வியர்க்கும்போது, அந்த நூல் உராயும் இடமெல்லாம் சிவந்து தடித்துவிடுகிறது. அம்மாவின் மிதி இயந்திரம் இப்போது என் வீட்டுக்கு வந்திருப்பதால், இனி இவர்களுக்கு நானே தைப்பதென்று முடிவு செய்திருக்கிறேன். நேராகத் தைப்பதும் ஹெம்மிங் செய்வதும் எனக்குப் பழக்கம். குழந்தைகளின் அளவில் வெட்டித் தைப்பதுதான் புதிது.

மகளுக்கு வீட்டில் போடச் சில ஜப்லாக்களும் (தளர்வான குழந்தைச் சட்டைகள்) கவுன்களும் வேண்டும். ஓணத்துக்கு, குத்தாம்புள்ளியில் வாங்கிய கசவுக்கரை (சரிகைக்கரை) செட்டு முண்டிலிருந்து அவளுக்குப் பாவாடை சட்டை தைக்க ஆசை. மகனுக்குப் பள்ளியில் கொடுத்த கைத்தறிச் சீருடைத் துணியும் வெட்டாமல் இருக்கிறது. குழந்தைகள் வளர்ந்துகொண்டே இருப்பதால், எல்லாவற்றையும் பெரிதாகத் தைத்துவிடு என்கிறார்கள் வீட்டில். அப்படித் தைத்த உடுப்பு தோளிலிருந்து நழுவுகிறது, காலில் தட்டுகிறது. எந்த இடத்தில் துணி விட வேண்டும், எந்த இடத்தில் அளவாகப் பிடிக்க வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும்.

பதில் 1 (சித்தூர், பாலக்காடு, தையல் பயிற்றுநர்)

சகோதரி, நீங்கள் கேட்டிருப்பது சரியான கேள்வி. பெரியவர்களின் உடுப்பைச் சிறிதாக்கினால் குழந்தை உடுப்பு வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், அது வராது. குழந்தையின் உடலமைப்பே வேறு.

பிறக்கும்போது சுமார் 50 செ.மீ. நீளமுள்ள குழந்தை ஒரு வயதில் ஏறத்தாழ 75 செ.மீ. ஆகிவிடுகிறது, மூன்று வயதில் 95 செ.மீ. அளவுக்கு வந்துவிடும். அதாவது உங்கள் மகள் அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 8 அங்குலம் உயருவாள். ஆனால் அதே காலத்தில் அவளுடைய மார்புச் சுற்றளவு ஏறத்தாழ 2 அங்குலம்தான் கூடும். எனவே, "எல்லாவற்றையும் பெரிதாகத் தை" என்பது பாதி சரி, பாதி தவறு. நீளத்தில் தாராளமாக விடுங்கள். தோளிலும் கழுத்திலும் அளவாகப் பிடியுங்கள். மார்பில் உடலளவோடு 4 அங்குலம் தளர்வு சேர்த்தால் போதும். அதற்கு மேல் விட்டால் அக்குளில் துணி திரண்டு, நீங்கள் சொன்ன அதே உராய்வு மறுபடியும் வரும்.

அடுத்தது கழுத்து. ஒரு வயதில் குழந்தையின் தலைச் சுற்றளவும் மார்புச் சுற்றளவும் கிட்டத்தட்ட ஒன்றே, சுமார் 18 அங்குலம். பருத்தித் துணி பனியன் துணியைப் போல இழுத்தால் விரியாது. தலை நுழையும் அளவுக்குக் கழுத்தை அகலமாக வெட்டினால் உடுப்பு தோளில் நிற்காது. தோளில் நிற்கும் அளவுக்கு வெட்டினால் தலை நுழையாமல் குழந்தை அழும். ஆகவே கழுத்து வளைவை 11 அங்குலத்தில் நிறுத்தி, முதுகுப் பக்கம் நடுவில் 4 அங்குலத்துக்கு ஒரு பிளவு விடுங்கள். பிளவின் இரு கரைகளும் சேர்ந்து 8 அங்குலம் கிடைப்பதால் மொத்தத் திறப்பு 19 அங்குலமாகிறது. தலை சிரமமில்லாமல் நுழையும். வெட்டுவதற்கு முன் டேப்பை மகளின் தலையைச் சுற்றி, நெற்றிக்கும் பின்மண்டைக்கும் மேலாக வைத்து அளந்து, அந்த அளவுக்கு இந்தக் கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள்.

கழுத்துக்கும் கைக்கும் கிராஸ் பீஸ் வைத்துத் தையுங்கள். துணியின் நூல் ஓட்டத்துக்கு நேராக வெட்டிய பட்டி வளைவில் படியாமல் சுருக்கம் விழும். குறுக்கே, முக்கோணமாக மடித்த விளிம்பையொட்டி ஒன்றேகால் அங்குல அகலத்தில் வெட்டிய பட்டி வளைவோடு தானே வளைந்து கொடுக்கும். முதல் தையலை உடுப்பின் உட்புறத்திலிருந்து போட்டுப் பட்டியை வெளிப்புறமாக மடித்து அடித்தால், மடிப்பின் தடிப்பு வெளியில் போய்விடும். தோலில் படுவது வழுவழுப்பான பக்கமாக இருக்கும். கடை உடுப்பில் இதற்கு நேர்மாறாக, வெளியே அழகும் உள்ளே முரடுமாக இருப்பதுதான் உங்கள் மகளின் சிவப்புக்குக் காரணமாக இருக்க வேண்டும்.

பக்கத் தையலுக்கு ஓவர்லாக் இயந்திரம் தேவையே இல்லை. பிரெஞ்சுத் தையல் போடுங்கள். துணியின் நல்ல பக்கம் வெளியே தெரியுமாறு இரு துண்டுகளையும் சேர்த்துக் கால் அங்குலத்தில் முதலில் தைத்து, பிசிரைப் பாதியாக நறுக்கிவிட்டு, உடுப்பை உள்வெளியாகத் திருப்பி, அந்த ஓரத்தை உள்ளே அடக்கி மீண்டும் கால் அங்குலத்தில் தைக்க வேண்டும். இதற்கு ஒவ்வொரு பக்கமும் அரை அங்குலம் விட்டு வெட்டியிருக்க வேண்டும். மல் துணி, வாயில், கேம்பிரிக் போன்ற மெல்லிய துணிகளுக்கு 11 எண் ஊசியும் அங்குலத்துக்குச் சுமார் 12 தையலும் பொருத்தம். அம்மா பெரியவர்களின் உடுப்புக்குப் பூட்டியிருந்த தடித்த ஊசி அப்படியே இருந்தால் மாற்றிவிடுங்கள்; மெல்லிய துணியில் அது துளை துளையாகத் தெரியும்.

பதில் 2 (வேலந்தாவளம்)

அம்மணி, நான் பேரன் பேத்திகளுக்குத் தைப்பவள். டீச்சர் சொன்ன கணக்கு எனக்கு எண்ணாகத் தெரியாவிட்டாலும் கைக்குத் தெரியும். அவர் சொன்னது சரி.

வீட்டில் போடும் ஜப்லாவுக்குப் புதுத் துணி வாங்காதே. உன் மாமனாரோ அப்பாவோ கட்டித் துவைத்துத் துவைத்து மென்மையான நாலு முழ வேட்டி இருந்தால் அதைக் கேட்டு வாங்கிக்கொள். அது ஏறக்குறைய 2 மீட்டர் நீளமும் 50 அங்குல அகலமும் இருக்கும். அதில் ஒரு வயதுக் குழந்தைக்கு நாலைந்து ஜப்லா தாராளமாக வரும். ஆனால் வெட்டுவதற்கு முன் ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துப் பார். இடுப்பில் சொருகிய இடமும் நடு மடிப்பும் நைந்து, வெளிச்சம் சல்லடைபோல ஊடுருவித் தெரியும். அந்த இடங்களைத் தள்ளிவிட்டு, கரைக்குப் பக்கத்தில் நெசவு நெருக்கமாக நிற்கும் பாகத்தில் முன்பக்கத்தையும் முதுகையும் வெட்டு. பழைய வேட்டியில் கால்சட்டை தைக்காதே. உட்கார்ந்து எழும்போது கிழிந்துவிடும்.

பச்சைக் குழந்தைக்கு எங்கள் வீட்டில் தையல் ஓரங்கள் வெளிப்பக்கம் வருமாறுதான் தைப்போம். பார்ப்பவர்களுக்கு உடுப்பை மாற்றிப் போட்டதுபோல இருக்கும். இருக்கட்டும். குழந்தையின் முதுகுக்கு அது தெரியும்.

பாவாடையைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு வயதுக் குழந்தைக்கு இடுப்பு கிடையாது, வயிறுதான் உண்டு. நாடா போட்டோ எலாஸ்டிக் போட்டோ இடுப்பில் நிறுத்தினால், ஒன்று நழுவும், இல்லையென்றால் வயிற்றில் வரி வரியாகத் தடம் பதியும். அதனால் பாடி வைத்த பாவாடையாகத் தை. கையில்லாத மேல்பாடியை மெல்லிய பருத்தியில் தைத்து, அதன் அடியில் பாவாடையைச் சுருக்கி இணைத்துவிட்டால் பாரம் முழுவதையும் தோள் தாங்கும். பாவாடையின் அகலம் பாடியின் சுற்றளவைப் போல இரண்டு மடங்கு இருந்தால் சுருக்கு அழகாக விழும். அதற்கு மேல் கொடுத்தால், நடக்கப் பழகும் குழந்தைக்குக் கால் சிக்கும்.

நீளம் விடுவதற்குக் கீழே டக் பிடிக்க வேண்டும், அதாவது துணியைக் குறுக்கே மடித்துத் தைத்து வைக்க வேண்டும். ஓர் அங்குல டக் ஒன்று 2 அங்குலத் துணியை விழுங்கும். இரண்டு பிடித்தால் 4 அங்குலம் கையிருப்பு. அடுத்த ஓணத்துக்கு ஒன்றைப் பிரி, அதற்கடுத்த ஆண்டு மற்றொன்றைப் பிரி. டக் தையலை மட்டும் நீளத் தையலாக, அங்குலத்துக்கு ஆறோ ஏழோ வருமாறு போட்டுக்கொள். பிரிக்கும்போது துணி காயப்படாது. பிரித்த இடத்தில் ஒரு கோடு தெரியத்தான் செய்யும். அதன்மேல் ஒரு வரி சங்கிலித் தையல் போட்டுவிட்டால் அதுவே அலங்காரமாகிவிடும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி டீச்சர், மிக்க நன்றி அம்மா. வீட்டில் மாமனாரின் பழைய வேட்டிகள் தகரப் பெட்டியில் இருக்கின்றன. பூச்சி வராமல் அந்துருண்டை போட்டு வைத்திருக்கிறோம். ஒருமுறை அலசினால் போதுமா? மேலும், பிளவை மூடப் பட்டன் வைப்பதா, கயிறு வைத்துக் கட்டுவதா? கசவுக்கரையைச் சட்டையின் கழுத்திலும் கையிலும் வரும்படி வெட்டலாமா என்பதையும் சொல்லுங்கள்.

பதில் 3 (கொல்லங்கோடு, குழந்தைகள் பிரிவுச் செவிலியர்)

அந்துருண்டை என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஜி6பிடி என்னும் நொதி குறைவாக இருக்கும். வெளியில் பார்த்தால் தெரியாது. நாப்தலீன் உருண்டையோடு கிடந்த துணியை அப்படிப்பட்ட குழந்தைக்கு உடுத்தினால், அந்த நெடி மூச்சின் வழியாகவும் தோலின் வழியாகவும் உள்ளே போய் இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். மஞ்சள் காமாலையும் இரத்தசோகையும் வரும். பிறந்த சிசுக்களுக்கு இது பெரிய ஆபத்து. ஆகையால் ஓர் அலசல் போதாது. சோப்பிட்டு நன்றாகத் துவைத்து, நல்ல வெயிலில் உலர்த்தி, நெடி சிறிதளவும் இல்லை என்று தெரியும்வரை திரும்பத் திரும்பத் துவைத்துக் காற்றாட விடுங்கள். நெடி போகாத வேட்டியைக் குழந்தைக்கு எடுக்கவே வேண்டாம். இனிக் குழந்தைத் துணி வைக்கும் பெட்டியில் அந்துருண்டை போடாதீர்கள். உலர்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து வைத்தாலே போதும்.

கழுத்தில் கயிறு வேண்டாம் அக்கா. தொட்டில் கம்பியிலோ கதவுப் பிடியிலோ மாட்டினால் குழந்தையால் தன்னை விடுவித்துக்கொள்ள முடியாது. ஐரோப்பிய நாடுகளில் ஈஎன் 14682 என்னும் தரவிதி, 7 வயதுக்குட்பட்டவர்களின் உடையில் கழுத்திலும் தலைமூடியிலும் இழுகயிறே கூடாது என்கிறது. பட்டன் வைப்பதானால் முதுகுப் பக்கமே வையுங்கள். சிறியதாக ஒன்று போதும். துணியை இரட்டையாக மடித்த இடத்தில் அழுத்தமாகத் தைத்து, ஒவ்வொரு துவையலுக்குப் பின்னும் இழுத்துப் பாருங்கள். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கையில் கிடைப்பதெல்லாம் வாய்க்குத்தான் போகும். தைக்க உட்காரும்போது குண்டூசிகளை எண்ணிவிட்டு, முடித்ததும் மறுபடி எண்ணுவதையும் வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

பண்டிகைச் சட்டைக்கு நைலான் நெட் துணி சேர்க்கும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். விளக்கருகில் அது தீப்பிடித்தால் உருகித் தோலில் ஒட்டும்.

பதில் 4 (சித்தூர், பாலக்காடு, தையல் பயிற்றுநர்)

செவிலியர் சகோதரி சொன்னதில் ஒரு சொல்லையும் விடாமல் கடைப்பிடியுங்கள். பிளவுக்கு என் விருப்பம், துணியிலேயே தைத்த சிறு வளையமும் தட்டையான பட்டனும்தான். பிரஸ் பட்டன் மெல்லிய மல் துணியைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.

கசவைக் கழுத்தில் வைக்காதீர்கள். சரிகை இழை வியர்வையோடு சேர்ந்தால் குத்தும். முண்டின் அகலக் கரை பாவாடையின் அடியில் வருமாறு நீளவாக்கில் வெட்டினால், கீழ் மடிப்பே தேவைப்படாது. கரை துணியோடு நெய்யப்பட்டதாதலால் பிசிராது. இதில் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அடியில் கரை இருப்பதால் நீளத்தைக் கீழே மடித்து வைக்க வழியில்லை. ஆகவே அம்மா சொன்ன டக்கைக் கரைக்கு மேலே பிடியுங்கள். இன்னும் கொஞ்சம் வேண்டுமானால் பாடியோடு சேரும் இடத்தில் உட்புறமாக 2 அங்குலம் மடித்து வையுங்கள். சட்டையில் கசவு வேண்டுமென்றால் கையின் ஓரத்தில், உள்ளே மல் துணிப் பட்டி கொடுத்து மெலிதாக வைக்கலாம்.

எந்தத் துணியையும் நனைக்காமல் வெட்டாதீர்கள். கைத்தறியில் கஞ்சி இருக்கும். அது போனதும் துணி தன் இயல்பான அளவுக்குச் சுருங்கும். பருத்தி நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு வரை சுருங்கக்கூடியது. ஒரு மீட்டரில் அது 5 செ.மீ. வரை போய்விடும், குழந்தைச் சட்டையில் அது ஒரு வயது வித்தியாசம். இரவு முழுவதும் பச்சைத் தண்ணீரில் ஊறவிட்டு, முறுக்கிப் பிழியாமல் கொடியில் தொங்கவிட்டு, சற்றே ஈரம் இருக்கும்போதே நூல் ஓட்டத்தின் வழியாக இஸ்திரி போடுங்கள். கசவுத் துணியை மட்டும் இரவு முழுவதும் ஊறவைக்காமல் சிறிது நேரம் நனைத்து எடுத்து, நிழலில் உலர்த்தி, சரிகைமேல் வேறொரு துணியை விரித்து இஸ்திரி போடுங்கள்.

மகனின் சீருடைக்கும் இதே முறைதான். 2017-18 கல்வியாண்டிலிருந்து கேரள அரசு தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வழங்கிவரும் கைத்தறித் துணி நல்ல துணி. நனைத்து வெட்டினால் ஆண்டு முழுவதும் நிற்கும். அவன் வயதில் ஆண்டுக்கு 5, 6 செ.மீ. உயரம் கூடும். ஆகவே கால்சட்டையின் அடியில் இரண்டரை அங்குலம் மடித்து விடுங்கள். அதன் பின்பக்க நடுத் தையலில் இருபுறமும் ஓர் அங்குலம் கூடுதலாக விட்டால், இடுப்பு பருத்தாலும் பிரித்து விடலாம். சட்டையில் நீளத்தை மட்டும் கூட்டுங்கள். தோளை இன்றைய அளவிலேயே நிறுத்துங்கள். கர்க்கடக (ஆடி) மழையில் இரட்டைத் துணி எளிதில் உலராது என்பதால், சட்டைப் பையை ஒற்றைத் துணியிலேயே வைத்து, அதன் வாய் ஓரங்களில் மட்டும் இரண்டு முறை தைத்து விடுங்கள். பலப்பமும் கோலியும் போட்டு இழுத்து, முதலில் பிரிவது அந்த இடம்தான்.