டெல்லி உள்துறைக்கு மனு போட்டால் எங்கள் ஊர் ஸ்டேஷன் அசையுமா?

கிணத்துமேடு எழுதியது:

போன மாதம் எங்கள் கிணற்று மோட்டாருக்குப் போகிற காப்பர் கேபிளை ராத்திரியோடு ராத்திரியாக அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். 60 மீட்டர். வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை, 18,000 ரூபாய். மறுநாளே ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுத்தேன். புகார் வாங்கியதற்கு அடையாளமாக சி.எஸ்.ஆர். ரசீது ஒன்று கிழித்துக் கொடுத்ததோடு சரி. எஃப்.ஐ.ஆர். போடச் சொல்லி நாலு தடவை நடந்தாயிற்று. ஒவ்வொரு தடவையும் "ஐயா பந்தோபஸ்துக்குப் போயிருக்காரு".

அப்பா டீக்கடையில் யாரிடமோ கேட்டுக்கொண்டு வந்து, "மத்திய உள்துறை அமைச்சருக்கே எழுதிப் போடுடா, அங்கேயிருந்து ஒரு போன் வந்தா தன்னால கேஸ் போடுவான்" என்கிறார். கடிதம் எழுதி கவரில் வைத்துவிட்டேன், ஸ்டாம்பு மட்டும் ஒட்டவில்லை. நாட்டுக்கே உள்துறை என்றால் எல்லாப் போலீசும் அதன் கீழ்தானே வரும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோட்டை ஓய்வு எழுதியது:

தம்பி, ஸ்டாம்பை ஒட்டாதீர்கள். நான் புனித ஜார்ஜ் கோட்டைத் தலைமைச் செயலகத்தில், பொதுத்துறை (Public Department) என்கிற துறையில் பிரிவு அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். டெல்லி உள்துறையோடு கடிதப் போக்குவரத்து பார்த்தே பாதி சர்வீஸ் போனது.

போலீசும் பொது ஒழுங்கும் அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலில், முதல் இரண்டு இனங்களாகவே இருக்கின்றன. உங்கள் ஸ்டேஷனுக்கு மேலே இருக்கிற உள்துறை சென்னையில் இருப்பது. அதன் முழுப் பெயரே "உள், மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை". நீங்கள் டெல்லிக்கு எழுதினால், அந்தக் கவர் ஒரு முகப்புக் கடிதத்தோடு திரும்பி நம் கோட்டைக்குத்தான் வரும். பட்டேல் 1950 டிசம்பரில் மறைந்ததும் அந்த நாற்காலிக்கு வந்தவர் நம் ராஜாஜி. நாட்டுக்கே உள்துறை அமைச்சராக இருந்தபோது சென்னையில் ஒரு ஏட்டையாவை மாற்ற அவருக்கு அதிகாரம் இல்லை. 1952-ல் இங்கே முதலமைச்சராக வந்த பிறகுதான் அது கிடைத்தது.

அப்படியானால் டெல்லிக்காரர்களுக்கு என்னதான் வேலை என்று கேட்பீர்கள். நானும் சேர்ந்த புதிதில் கேட்டிருக்கிறேன். கையில் வந்த கோப்புகளைப் பார்த்துத்தான் புரிந்தது.

முதலில் தியாகிகள் ஓய்வூதியம். மத்திய ஓய்வூதியத்தை முடிவு செய்வது உள்துறைதான். ஒரு பாட்டி வருவார், மஞ்சப்பையோடு. கணவர் நேதாஜி படையில் இருந்து ரங்கூனில் சிறைப்பட்டவர். ஆறு மாதம் சிறையில் இருந்ததற்கு ஆதாரம் வேண்டும். சிறைப் பதிவேடு இல்லையென்றால், இல்லை என்பதற்கு ஒரு சான்று, கூடச் சிறையில் இருந்தவர்களிடம் சான்று. பூச்சி அரித்த ஒரு தாளை பிளாஸ்டிக் கவரிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்து நீவி விட்டுக்கொண்டே, "டெல்லிக்காரங்களுக்கு என் வீட்டுக்காரரைத் தெரியுமாங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

அடுத்தது மண்டபம் முகாம் கோப்பு. 1983-க்குப் பிறகு வந்த இலங்கைத் தமிழர்களுக்கு அரிசியும் பணமும் கொடுப்பது மாநிலம், கொடுத்துவிட்டு அந்தக் கணக்கை டெல்லி உள்துறைக்கு அனுப்பிப் பணத்தைத் திரும்பக் கேட்கும். ஆனால் குடியுரிமை என்று வந்தால் பேனா அங்கே மட்டும்தான். முகாமிலேயே பிறந்து, இங்கேயே படித்து, நம்மைப்போலவே பேசுகிற பிள்ளை. 1987 ஜூலைக்குப் பிறகு பிறந்து, அம்மா அப்பா இருவருமே இந்தியக் குடிமக்கள் இல்லை என்றால் பிறப்பால் குடியுரிமை கிடையாது. 2019 குடியுரிமைச் சட்டத் திருத்தம் வழிவிட்டதும் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களுக்குத்தான், இலங்கை இல்லை. ஒரு அமைச்சகத்தின் பலம் என்னவென்று எனக்கு உறைத்தது அந்தக் கோப்பில்தான், லத்தியில் அல்ல.

மற்றதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பத்ம விருது, விமான நிலையத்தில் குடியேற்ற முத்திரை, உள்நாட்டு உளவுத்துறை, 2008 மும்பை தாக்குதலுக்குப் பிறகு வந்த என்.ஐ.ஏ. என்கிற தேசியப் புலனாய்வு முகமை, டெல்லிப் போலீஸ், எல்லாம் அவர்களிடம். சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினால், அது போய் உட்காருவதும் அங்கேதான். நீட் விலக்கு மசோதாவும் அந்த வழியாகத்தான் போனது. இந்தி வளர்க்கிற ஆட்சிமொழித் துறையும் 1975 முதல் உள்துறைக்குள்தான், இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. 1976 ஆட்சிமொழி விதிகளை எடுத்துப் பாருங்கள், முதல் விதியிலேயே "தமிழ்நாடு நீங்கலாக" என்று இருக்கும். அதனால்தான் என் மேசைக்கு வந்த கடிதங்கள் இங்கிலீஷில் வந்தன. அதற்கு இங்கே எத்தனை பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்பது உங்கள் அப்பாவுக்குத் தெரிந்திருக்கும்.

ஆவடி ஜவான் எழுதியது:

ஐயா சொல்வது சரி. நான் சி.ஆர்.பி.எஃப். என்கிற மத்திய ரிசர்வ் போலீஸ் படையில் 22 வருஷம், ஹெட் கான்ஸ்டபிளாக வந்துவிட்டேன். எங்களுக்குச் சம்பளம் டெல்லி உள்துறை. ஆனால் தேர்தல் டியூட்டிக்கு எந்த மாநிலம் போனாலும் உள்ளூர் போலீஸ் காட்டுகிற இடத்தில்தான் நிற்போம். யாரையாவது பிடித்தால் பக்கத்து ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வந்துவிட வேண்டும். கேஸ் எழுதுவது அவர்கள்தான், எங்களிடம் எஃப்.ஐ.ஆர். புத்தகமே கிடையாது. அரக்கோணத்தில் இருக்கிற பேரிடர் மீட்புப் படையும் அதே அமைச்சகம்தான். வெள்ளத்தில் ரப்பர் படகோடு வருவார்கள், கேபிள் திருட்டுக்கு வரமாட்டார்கள் :)

கிணத்துமேடு எழுதியது:

நன்றி ஐயா. ஒரு சந்தேகம். எஸ்.பி. ஐ.பி.எஸ். அதிகாரிதானே, அவர் டெல்லி ஆள் இல்லையா? சி.பி.ஐ.க்கு எழுதலாமா?

கோட்டை ஓய்வு எழுதியது:

சி.பி.ஐ. உள்துறையிலேயே இல்லை தம்பி, அது பணியாளர் அமைச்சகம். 60 மீட்டர் கேபிளுக்கு அவர்கள் வரவும் மாட்டார்கள்.

எஸ்.பி. விஷயத்தில் நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. ஐ.பி.எஸ். என்றால் பாதி டெல்லி ஆள். பணி விதிகள் டெல்லி உள்துறையுடையவை, வேலையை விட்டு நீக்குவதென்றாலும் அங்கேதான் முடியும். எங்கே போஸ்டிங், யாருக்கு சல்யூட் என்பதெல்லாம் சென்னை. இந்த இரட்டை மாட்டு வண்டி சில சமயம் இரண்டு பக்கமும் இழுக்கும். 2001-ல் கருணாநிதி கைதுக்குப் பிறகு மூன்று ஐ.பி.எஸ். அதிகாரிகளை மத்தியப் பணிக்கு அனுப்பு என்று டெல்லி கேட்டது, ஜெயலலிதா அரசு முடியாது என்றுவிட்டது. உங்கள் இன்ஸ்பெக்டருக்கு இந்தச் சிக்கலே கிடையாது, அவர் முழுக்க முழுக்க மாநிலத்து ஆள்.

இப்போது செய்ய வேண்டியது: 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கிற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-ன் 173(4) பிரிவின்படி, ஸ்டேஷனில் வழக்குப் பதியாவிட்டால் புகாரின் சாரத்தை எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். சி.எஸ்.ஆர். நகல், கேபிள் வாங்கிய பில் இரண்டையும் இணையுங்கள். தபால் ரசீதைத் தொலைக்காதீர்கள். அங்கேயும் நகரவில்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு, அப்போது அந்த ரசீதைத்தான் முதலில் கேட்பார்கள். ஒரு வேடிக்கை, அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது டெல்லி உள்துறை. குற்றவியல் நடைமுறை, மத்தியும் மாநிலமும் இரண்டுமே சட்டம் போடக்கூடிய பொதுப்பட்டியலில் இருக்கிறது. ஆக, உங்கள் அப்பா சொன்னதில் பாதி சரி.

கிணத்துமேடு எழுதியது:

கவரில் முகவரியை அடித்துவிட்டு எஸ்.பி. அலுவலகம் என்று எழுதி, பில்லையும் உள்ளே வைத்து இன்று காலை போஸ்ட் ஆபீஸில் கொடுத்துவிட்டேன். ரசீது சட்டைப்பையில் இருக்கிறது. அப்பாவிடம் டெல்லிக்குத்தான் போட்டேன் என்று சொல்லிவைத்திருக்கிறேன், டீக்கடையில் கேட்டால் அவர் சொல்லிக்கொள்ள வேண்டுமே.