'ரன்' என்ற ஒரு சொல்லைத் தமிழில் எப்படியெல்லாம் எழுதுவது?

கேள்வி:

ஆங்கிலச் சிறுகதைகளைத் தமிழாக்கம் செய்து பழகி வருகிறேன். இப்போது கையில் இருக்கும் கதையில் 'ரன்' என்ற சொல் என்னைப் படாத பாடு படுத்துகிறது. ஒரே பக்கத்தில் ஒரு பெண் அச்சகத்தை 'ரன்' செய்கிறாள், அவள் மகனுக்கு மூக்கு 'ரன்' ஆகிறது, துவைத்த சட்டையின் சாயம் 'ரன்' ஆகிறது. போதாததற்கு, வீட்டுக்குப் பின்னால் ஒரு வேலியும் 'ரன்' ஆகிறது. வேலி எப்படி ஓடும்? இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே பொருள் இருக்கிறதா, இல்லை ஒவ்வொன்றாக மனப்பாடம்தான் செய்ய வேண்டுமா?

பதில் 1:

மனப்பாடம் செய்து கட்டுப்படியாகாது. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989 பதிப்பில் மிக நீண்ட பதிவு 'செட்' என்ற வினைக்கு இருந்தது. மூன்றாம் பதிப்புக்காகத் திருத்தியபோது 'ரன்' அதை முந்திவிட்டது. வினையாக மட்டும் 645 பொருள்கள். பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளர் இந்த ஒரு சொல்லுக்கே ஒன்பது மாதம் உழைத்தார். ரயில், இயந்திரம், கணினி என்று எது வந்தாலும் அதன் இயக்கத்தைச் சொல்ல ஆங்கிலம் இதே சொல்லைத்தான் கூப்பிட்டது.

பதில் 2:

எண்ணிக்கையைப் பார்த்து மலைக்காதீர்கள். உங்களிடம் ஏற்கெனவே 'ஓடு' இருக்கிறது. கடிகாரம் ஓடுகிறது, படம் ஓடுகிறது, பிழைப்பு ஓடுகிறது, கவலை வந்தால் கை ஓடுவதில்லை. வேலி எப்படி ஓடும் என்கிறீர்கள். சுவரில் விரிசல் ஓடுகிறது, நெற்றியில் நரம்பு ஓடுகிறது என்று நாம் சொல்வதில்லையா? பொருள் நகராவிட்டாலும் அதன் நீளத்தோடு பார்வை ஓடுகிறது. ஆங்கிலத்திலும் அதே கற்பனைதான்.

எனக்குக் கைகொடுத்த வழி இது: வாக்கியத்தில் செயப்படுபொருள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் பெரும்பாலும் 'ஓடு', இருந்தால் 'ஓட்டு'. நாம் தன்வினை, பிறவினை என்று இரண்டு வடிவம் வைத்திருக்கிறோம். பழைய ஆங்கிலத்திலும் இப்படி இரண்டு வினைகள் இருந்தன. அவை கலந்து ஒன்றாகிப் போனதே இன்றைய 'ரன்'. நமக்கு இரண்டாகத் தெரிவது அவர்களுக்கு ஒன்றாகத் தெரிவதன் காரணம் அதுதான்.

ஆனால் உங்கள் அச்சகத்துக்காரியிடம் கவனமாக இருங்கள். அவர்கள் தொழிலை ஓட்டுகிறார்கள், நாம் நடத்துகிறோம். 'அச்சகம் நடத்துகிறாள்' என்றால் அவள் முதலாளி, அவ்வளவுதான். 'அச்சகத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறாள்' என்று எழுதினால் கடனும் நெருக்கடியும் உடனே வாசகர் கண்ணுக்குத் தெரியும். கதையில் அவள் சிரமப்படுகிறாளா என்று பார்த்து முடிவு செய்யுங்கள். இந்த இடத்தில் தமிழ் தரும் தேர்வு ஆங்கிலத்தில் கிடையாது. அதை வீணாக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

பதில் 3:

மேலே சொன்னது நல்ல வழி. ஆனால் நீர்மம் என்று வந்துவிட்டால் அது உதவாது. மூக்கு ஒழுகுகிறது, கண்ணீர் வழிகிறது, ஆறு பாய்கிறது, குழாயில் தண்ணீர் கொட்டுகிறது. நான்குக்கும் 'ரன்' பொருந்தும். தமிழில் ஒன்றை எடுத்து இன்னொன்றின் இடத்தில் வைக்க முடியாது. சாயத்துக்கு 'இறங்கிவிட்டது' எழுதுங்கள். 'வெளுத்துவிட்டது' வேண்டாம். நிறம் மங்குவது வேறு, பக்கத்துத் துணியில் போய் ஒட்டுவது வேறு.

பின்னால் ஒட்டிவரும் சிறு சொற்களையும் விட்டுவிடாதீர்கள். 'ரன் இன்டு' என்றால் எதிர்பாராமல் சந்திப்பது, அல்லது மோதுவது. 'ரன் அவுட் ஆஃப்' என்றால் தீர்ந்துபோவது. 'ரன் ஃபார்' தேர்தல் செய்தியில் வந்தால் போட்டியிடுவது. 'ரன் டவுன்' இன்னும் பொல்லாதது: பேட்டரி தீரும், வண்டி ஆளை இடித்துத் தள்ளும், ஒருவர் இன்னொருவரை மட்டம் தட்டிப் பேசுவார். இவற்றை மட்டும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது, முழு வாக்கியத்தோடு.

கேட்டவர்:

மிக்க நன்றி. அவள் சிரமத்தில்தான் இருக்கிறாள். 'ஓட்டிக்கொண்டிருக்கிறாள்' என்றே மாற்றிவிட்டேன். இன்னும் ஒன்றே ஒன்று. கதையின் கடைசியில் ஊரில் வதந்தி பரவி 'ரன் ஆன் தி பேங்க்' என்று வருகிறது. வங்கிக் கொள்ளையா?

பதில் 2 எழுதியவர்:

கொள்ளை இல்லை. வங்கி மூழ்கப் போகிறது என்று பயந்து, பணம் போட்டவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பக் கேட்டு நெருக்குவது. எந்த வங்கியும் எல்லோருடைய பணத்தையும் ரொக்கமாகப் பெட்டியில் வைத்திருக்காது, கடனாகக் கொடுத்திருக்கும். அதனால் நல்ல வங்கிகூட இந்த நெருக்கடியில் விழுந்துவிடும். ஒற்றைச் சொல்லைத் தேடாதீர்கள். 'போட்ட பணத்தை எடுக்க ஊரே வங்கி வாசலில் முண்டியடித்தது' என்று எழுதுங்கள்.