ஒரே நாற்காலிக்கு எத்தனை பெயர்? சிம்பொனி தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். சிம்பொனி இசைக்குழுக்களைப் பற்றித் தமிழில் ஓர் எளிய அறிமுகம் எழுதிக்கொண்டிருக்கிறேன். மேடையில் நின்று குழுவை வழிநடத்தும் நடத்துநர்களின் (கண்டக்டர்) பதவிப் பெயர்களில் வந்து மாட்டிக்கொண்டேன்.

லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவையே பாருங்கள். 2007 முதல் 2015 வரை கெர்கியேவ் அங்கே ‘பிரின்சிபல் கண்டக்டர்’. 2017இல் வந்த சைமன் ராட்டில் ‘மியூசிக் டைரக்டர்’. 2024இல் பொறுப்பேற்ற பப்பானோவோ ‘சீஃப் கண்டக்டர்’. மூன்றும் ஒரே நாற்காலிதானே? மியூசிக் டைரக்டர் என்றால் வாத்தியக்காரர்களைத் தேர்ந்தெடுப்பது, கச்சேரிப் பருவத்தின் நிகழ்ச்சிகளைத் திட்டமிடுவது எல்லாம் அவர் கையில் என்று படித்திருக்கிறேன். அப்படியானால் மற்ற இருவருக்கும் அந்த அதிகாரம் குறைவா, அல்லது ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறுமா?

வியன்னா பில்ஹார்மோனிக்கில் 1933க்குப் பிறகு நிரந்தரத் தலைமை நடத்துநரே இல்லை, விருந்தினர்களை அழைத்தே வாசிக்கிறார்கள். அது எனக்குத் தெளிவாகப் புரிகிறது.

அப்புறம் கௌரவப் பட்டங்கள். லாஸ் ஏஞ்சலஸ் பில்ஹார்மோனிக்கில் முன்பு தலைமை வகித்த சுபின் மேத்தாவுக்கு ‘எமெரிட்டஸ்’, சலோனெனுக்கு ‘லாரியேட்’. இந்த இரண்டில் ஒன்று உயர்ந்ததா? எதை வைத்துப் பிரிக்கிறார்கள்? தலைமை நடத்துநருக்குக் கீழே வரும் அசிஸ்டன்ட், அசோசியேட், ரெசிடென்ட் கண்டக்டர் மூன்றையும் வரிசைப்படுத்தவும் எனக்குத் தெரியவில்லை.

தமிழ்ச் சொற்களும் வேண்டும். ‘இசை இயக்குநர்’ என்று எழுதினால் வாசகர் திரைப்பட இசையமைப்பாளரைத்தான் நினைப்பார். பிரின்சிபல் கண்டக்டருக்கு ‘முதன்மை நடத்துநர்’, எமெரிட்டஸுக்கு ‘தகைசால் நடத்துநர்’ சரிவருமா? இசைக்குழுவில் வாசித்தவர்கள் யாராவது இருந்தால் கட்டாயம் எழுதுங்கள்.