இங்கிலாந்தின் காசல்டன் கிராமமும் மாம் டோர் குன்றின் உச்சியும்: கார் இல்லாமல் ஒரே நாளில் முடியுமா?

கேள்வி (சுங்கை சிப்புட், மலேசியா):
அக்டோபர் கடைசியில் ஷெஃபீல்டிலிருந்து போகிறோம். தோட்டத்துக்குப் போடும் கம்போங் அடிடாஸ் என்ற ரப்பர் சப்பாத்து போதுமா அண்ணே?

பதில் 1:
ஹோப் ஸ்டேஷனில் இறங்குங்கம்மா, அரை மணி ரயில். அங்கிருந்து காசல்டன் கிராமம் 3 கிலோமீட்டருக்கு மேல் நடை. முகட்டில் உள்ள ஹாலின்ஸ் கிராஸ் என்ற இடத்துக்கு ஏறி இடப்பக்கம் முகட்டோடு போனால் உச்சி, 517 மீட்டர். அந்தச் சப்பாத்து சேற்றில் பிடிக்கும். உச்சிக்கருகே பாவிய கல் நனைந்தால் வழுக்கும். கம்பளிக் காலுறை கட்டாயம்.

பதில் 2:
இறங்க உடைந்த பழைய சாலைதான் அழகு. அடியில் களிப்பாறை சரிந்துகொண்டே இருந்ததால் 1979இல் மூடிவிட்டார்கள். ஒட்டுப்போட்ட தார் நம்ம அடுக்குப் பலகாரம் குவே லாப்பிஸ் மாதிரி அடுக்கடுக்காகத் தெரியும்.

பதில் 3:
அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரம் 1 மணி பின்னால் போகும். பிறகு 5 மணிக்கு முன்பே பொழுது சாயும். 2 மணிக்குள் உச்சியில் இருங்கள்.