கத்தரி இலைக்கு அடியில் மஞ்சள் கிண்ணங்கள்: பிடுங்கிவிடலாமா?

கானாடுகாத்தான் ஆச்சி:
பின்கட்டுக்கு வெளியே 12 கத்தரிச் செடி நிற்கிறது. மார்கழிப் பனி இறங்கியதிலிருந்து இலைமேல் மஞ்சள் வட்டம். திருப்பினால் அடியில் பொடிப்பொடியாகக் கிண்ணங்கள், தொட்டால் விரலில் மஞ்சள் தூள். பேன் என்று நினைத்து வேப்பெண்ணெயும் சோப்பும் கலந்து இரண்டு தடவை அடித்தேன். கேட்கவில்லை. பிடுங்கிவிடவா?

தேவகோட்டைத் தம்பி:
பேன்தான் ஆச்சி. இன்னும் இரண்டு தடவை அடியுங்கள்.

ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர்:
பேன் எங்கே தம்பி கிண்ணம் கட்டும்? ஆச்சி, பக்கத்தில் யாராவது கம்பு போட்டிருக்கிறார்களா?

கானாடுகாத்தான் ஆச்சி:
சுவருக்கு அந்தப் பக்கம் கொழுந்தனார் மாட்டுக்கென்று போட்டிருக்கிறார். எட்டிப் பார்த்தேன், இலையெல்லாம் செம்பொட்டு. அதற்கும் கத்தரிக்கும் என்ன சம்பந்தம் ஐயா?

ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர்:
இரண்டும் ஒரே துரு நோய்தான். பக்சீனியா சப்ஸ்ட்ரையேட்டா என்ற பூசணத்துக்குக் கம்பு ஒரு வீடு, கத்தரி இன்னொரு வீடு. உங்கள் இலையில் இருக்கும் மஞ்சள் தூள் கத்தரியைத் தொற்றாது, கம்பைத்தான் தொற்றும். கம்பில் வரும் செந்தூள் கம்புக்குக் கம்பு காற்றிலேயே பரவும். கடைசியில் அதே இலையில் கரும்பொட்டு வரும். கத்தரிக்கு வருவது அதிலிருந்து முளைப்பதுதான். ஆகவே செடியைப் பிடுங்க வேண்டாம், மருந்தும் வேண்டாம். கிண்ணம் கட்டிய இலைகளை மட்டும் கிள்ளி எரித்துவிடுங்கள். காயைத் தாராளமாகச் சமைக்கலாம். போன வெள்ளாமைக் கம்பந்தட்டை எங்கே கிடக்கிறது?

கானாடுகாத்தான் ஆச்சி:
ஐயோ, ஈரம் காக்கட்டும் என்று கத்தரிப் பாத்தியில் மூடாக்காகப் பரப்பியதே நான்தான்!

ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர்:
அதை இன்றைக்கே அள்ளுங்கள்.

அலாஸ்காவில் ஒரு காரைக்குடிக்காரன்:
இங்கே ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்துக்கும் இதே கதைதான். கிறிசோமிக்சா லெடிகோலா என்ற துருவுக்கு இன்னொரு வீடு, சதுப்பில் வளரும் லாப்ரடார் டீ புதர். 2011 ஆகஸ்டில் கிவலினா என்ற கடலோர ஊரில் தண்ணீர் மேல் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ மிதந்தது. முதலில் ஏதோ முட்டை என்றார்கள், அப்புறம் பார்த்தால் இந்தத் துருவின் தூள்!

ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர்:
சரியாகச் சொன்னீர்கள். ஸ்ப்ரூஸ் இடத்தில் ஆச்சியின் கத்தரி, புதர் இடத்தில் கம்பு. அங்கேயும் மரத்தில் வரும் துருத்தூள் மரத்தைத் தொற்றாது.

தேவகோட்டைத் தம்பி:
அப்போ கத்தரியே இல்லாவிட்டால் கம்பு தப்பிக்குமா ஐயா?

ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர்:
தப்பிக்காது. செந்தூள்தான் காற்றில் வருகிறதே. கதிர் முற்றிய பிறகு வந்தால் தானியம் அவ்வளவாகக் குறையாது, தீவனத்தின் தரம்தான் போகும். கொழுந்தனாரை இப்போதே அறுக்கச் சொல்லுங்கள்.

கானாடுகாத்தான் ஆச்சி:
தட்டையை அள்ளியாச்சு. கொழுந்தனாரிடம் சொன்னேன். உங்கள் கத்தரியால்தான் என் கம்பு கெட்டது என்கிறார்!